உதறினால் சரியாகும் கை

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டு மடிப்பை ஒட்டி, ஏறத்தாழ ஓர் அங்குல அகலத்தில் ஓர் இடுக்கு உண்டு. எட்டுச் சிறு எலும்புகள் பிறைபோல் வளைந்து நின்று அதற்குத் தரையும் சுவருமாகின்றன. பிறையின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டியதுபோல் தடித்த நார்ப்பட்டை ஒன்று மேலே கூரையாகக் கிடக்கிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் இழுகயிறுகளான ஒன்பது தசைநாண்கள் இந்த இடுக்கின் வழியாகத்தான் விரல்களுக்குப் போகின்றன. பத்தாவதாக ஒரு நரம்பும் அவற்றோடு நுழைகிறது. இடுக்கை மருத்துவர்கள் கார்பல் டன்னல் என்பார்கள், தமிழில் மணிக்கட்டுக் குகை எனலாம். நரம்பின் பெயர் மீடியன், அதாவது நடுநரம்பு. எலும்பு விரிந்து கொடுக்காது, நார்ப்பட்டையும் எளிதில் நீளாது. உள்ளே தசைநாண் உறைகள் தடித்தாலோ நீர் கோத்தாலோ இடம் குறைகிறது. அப்போது நசுங்குவது, பத்திலும் மென்மையான அந்த நரம்பு. இந்த நசுக்கத்தால் வரும் தொல்லைகளின் தொகுப்பே கார்பல் டன்னல் நோய்க்குறி.

தொடக்கம் பெரும்பாலும் இரவில். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ விழிப்புத் தட்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்று கிடக்கும், ஊசி குத்துவதுபோல் விறுவிறுக்கும். சிலருக்கு வலி முழங்கை தாண்டித் தோள்வரை ஏறும். எழுந்து உட்கார்ந்து கையை நாலு உதறு உதறினால் ஓரிரு நிமிடத்தில் தெளியும். பலர் இதை ஒரு பொருட்டாகவே சொல்வதில்லை. மருத்துவர் 'இரவில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால்தான் கையை உதறிக் காட்டுகிறார்கள். அப்படி உதறிக் காட்டுவதே நோயறிய உதவும் ஓர் அடையாளம் என்று 1984-இல் கனடாவின் நரம்பியல் மருத்துவர் ப்ரைஸ்-பிலிப்ஸ் எழுதினார். பகலிலும் கையை ஒரே நிலையில் பிடித்திருக்கும் நேரங்களில் மரப்பு வரும்: பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, வண்டியின் கைப்பிடியைப் பற்றியிருக்கும்போது, செல்பேசியைக் காதில் வைத்திருக்கும்போது. நாளாக ஆகச் சட்டைப் பொத்தான் போடுவதும் தரையில் விழுந்த சில்லறையைப் பொறுக்குவதும் கடினமாகும். டம்ளர் தானாக நழுவும்.

சுண்டுவிரல் இதில் சேராது. நடுநரம்பின் ஆட்சி கட்டைவிரலில் தொடங்கி மோதிர விரலின் பாதியோடு முடிகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் வேறொரு நரம்பின் பங்கு, அது இந்தக் குகைக்குள் வருவதில்லை. மோதிர விரலின் ஒரு பக்கம் மரத்தும் மறுபக்கம் நன்றாகவும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உள்ளங்கையின் நடுப்பகுதியிலும் உணர்ச்சி குறைவதில்லை. அங்கே போகும் சிறு கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்து, கூரைக்கு வெளியே நடந்துவிடுகிறது. முழுக் கையும் மரத்தது என்று சொல்பவர்களில் பலர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னதும் சுண்டுவிரலில் வந்து நின்றுவிடுவார்கள்.

இரவில் ஏன் கூடுகிறது? குகைக்குள் இருக்கும் அழுத்தத்தை 1981-இல் கெல்பர்மன் குழுவினர் மெல்லிய குழாய் செருகி அளந்தார்கள். நல்ல கையில், மணிக்கட்டு நேராக இருக்கையில், சராசரி அழுத்தம் 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவு. நோய் உள்ளவர்களின் கையில் அதே நிலையில் 32. மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கினால் 94 வரையும், பின்னால் வளைத்தால் 110 வரையும் ஏறியது. அழுத்தம் முப்பதைத் தொட்டாலே நரம்புக்குள் ஓடும் நுண்குழாய்களில் இரத்தம் தேங்கத் தொடங்கும். தூங்குபவர் கையை மடக்கித் தலையணைக்கு அடியிலோ கன்னத்துக்கு அடியிலோ வைத்துக்கொள்கிறார், அது மணிக்கணக்காக அப்படியே கிடக்கிறது. விரல்களை இறுக மூடித் தூங்கினால் இன்னொன்றும் நடக்கிறது. உள்ளங்கையில் இருக்கும் சில சிறு தசைகள் குகைக்குள் இழுபட்டு, இருக்கும் கொஞ்ச இடத்தையும் அடைக்கின்றன. பகலில் கால்களில் இறங்கியிருந்த நீர் படுத்ததும் உடல் முழுவதும் பரவுவதும் சேர்ந்துகொள்கிறது. உதறினால் தெளிவதன் விளக்கமும் இதுவே: மணிக்கட்டு நிமிர்கிறது, அழுத்தம் இறங்குகிறது, நரம்புக்கு இரத்தம் வருகிறது.

இந்தக் கட்டத்தில் நரம்பு கெடவில்லை, மூச்சுத் திணறுகிறது, அவ்வளவுதான். நசுக்கம் மாதக்கணக்கில் நீடித்தால் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை தேய்ந்து, செய்தி மெதுவாக ஓடும். அதற்கும் பிறகு இழைகளே அறுந்துபோகும். அப்போது கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு வற்றித் தட்டையாகும், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவர முடியாது. இங்கே பலரை ஏமாற்றும் ஒன்று உண்டு. இழைகள் அறுந்தபின் இரவு வலி குறைந்துவிடும். இரண்டு ஆண்டாக இருந்த தொல்லை தைலத்தில் போய்விட்டது என்று மகிழ்பவரின் விரல் நுனியில் குண்டூசியால் தொட்டால், குத்துவதே தெரியாது.

இனி, வேலை. மதுரையில் வைகையின் தென்கரையில் இருக்கும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனி, திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வண்டிகள் போகின்றன. அந்த நிலையத்தையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால், இந்த நோயை வளர்க்கும் அசைவுகள் அநேகமாக எல்லாமே கண்ணில் பட்டுவிடும். ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கை மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்திருக்கிறது, இன்ஜினின் அதிர்வும் சாலையின் அதிர்வும் அதில் ஏறுகின்றன. நடத்துநர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிய நிலையில் பணத்தையும் சீட்டையும் எண்ணுகிறார். நுனிவிரலால் கிள்ளிப் பிடிக்கும்போது தசைநாண்கள் விறைத்துக் குகைக்குள் அழுத்தம் ஏறும். பரோட்டா மாஸ்டரின் கதை இன்னும் கடினம். மைதாவைப் பிசையும்போது மணிக்கட்டு பின்னால் வளைந்திருக்க, உடல் எடை முழுவதும் உள்ளங்கையின் அடியில், சரியாகக் குகைக்கூரையின் மேல், இறங்குகிறது. மாவு வீசுவதும் கொத்து போடுவதும் அதற்குமேல். மதுரை இரவுகளுக்கே உரிய அந்தக் கொத்துச் சத்தத்தின் ஒவ்வொரு தட்டும் மணிக்கட்டுக்குத் திரும்பி வருகிறது.

ஆற்றைக் கடந்தால் செல்லூர். அங்கே துண்டு, வேட்டி நெய்யும் தறிகளின் தொழில். இக்கரையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி நிறுவனம் எழுப்பிய நூல் மில், தலைமுறை தலைமுறையாக அறுந்த நூலைப் பிணைத்த விரல்கள். நகருக்குள் சௌராஷ்டிரர் வீடுகளில் பெண்கள் சுங்குடிச் சேலைக்குப் புள்ளி முடிச்சுப் போட்டார்கள், துணியை நகநுனியால் கிள்ளி எடுத்து நூல் சுற்றும் வேலை, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். மல்லிகை தொடுப்பவர், அப்பளம் தேய்ப்பவர், மொண்ணைக் கத்தரிக்கோலால் தடித்த துணி வெட்டும் தையல்காரர் என்று பட்டியல் நீளும். ஆய்வுகள் ஒத்துக்கொள்ளும் வேலைக் காரணங்கள் மூன்று: அழுத்தமான பிடி, ஓயாத ஒரே அசைவு, அதிரும் கருவி. மூன்றில் இரண்டு ஒரே கையில் சேரும்போது ஆபத்து கூடுகிறது. கணினி விசைப்பலகைக்கு எதிரான சான்று, அதற்கு இருக்கும் கெட்ட பெயரோடு ஒப்பிட்டால், மெலிதானது. தகவல் தொழில்நுட்ப ஊழியரின் நோய் என்று இதைச் சொல்லிப் பழகியதில், மாவு பிசைபவரின் கை பார்வையிலிருந்தே நழுவிவிட்டது.

ஆனால் ஒரே கல்லில் பத்துப் பேர் பரோட்டா போட்டாலும் பத்துப் பேருக்கும் இது வருவதில்லை. மீதிக் கணக்கு உடம்பில் இருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம், அதிலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடலில் நீர் கோத்து வரும், பிரசவத்துக்குப்பின் பெரும்பாலும் தானாகப் போகும். தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள், உடல் பருத்தவர்கள், மணிக்கட்டில் எலும்பு முறிந்தவர்கள், நெடுநாள் டயாலிசிஸில் இருப்பவர்கள் எல்லாரும் இந்த வரிசையில் உண்டு. தமிழ்நாட்டில் இவற்றுள் முதலில் நினைக்க வேண்டியது சர்க்கரை நோய். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை தசைநாண் உறைகளையும் நார்ப்பட்டையையும் விறைக்கச் செய்கிறது, நரம்பையும் நேரடியாகத் தளர்த்துகிறது. ஏற்கெனவே தளர்ந்த நரம்பு சிறு நசுக்கத்தையும் தாங்காது. ஆகவே கை மரக்கிறது என்று வருபவருக்கு முதல் நாளிலேயே சர்க்கரையும் தைராய்டும் பார்ப்பது வீண் செலவு ஆகாது. சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவரும் நோயாளிகளும் உண்டு.

முடக்குவாதத்தில் மூட்டு உறைகள் வீங்கிக் குகையை நிரப்பும். கையின் முடக்குவாதம் என்றால் மதுரைக்கு நினைவு வருபவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. இளம் வயதிலேயே அந்த நோயால் விரல்கள் கோணிப்போக, கத்தி பிடிக்கும் விதத்தை அந்த விரல்களுக்கு ஏற்ப மீண்டும் கற்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தவர், 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். அவருக்கு இருந்தது மூட்டு நோய், இக்கட்டுரையின் நோய் வேறு. கைக்கேற்ப வேலையை மாற்றிக்கொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவரைச் சொல்லலாம்.

மரத்த கை எல்லாம் இந்த நோயும் ஆகாது. தெற்குச் சுவீடனில் 1990-களில் பொதுமக்களிடையே கணக்கெடுத்தபோது நூற்றுக்குப் பதினான்கு பேர் இதே விரல்களில் மரப்போ வலியோ இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவர் பார்த்து, நரம்பின் வேகமும் அளந்து உறுதியானது மூன்று பேருக்கும் குறைவு. கழுத்தெலும்புத் தேய்மானத்தில் நரம்புவேர் நசுங்கினாலும் கட்டைவிரல் மரக்கும், ஆனால் அங்கே கழுத்தைத் திருப்பினால் வலி கையில் இறங்கும். சுண்டுவிரல் மரத்தால் முழங்கையைப் பார்க்க வேண்டும். சர்க்கரையின் பொது நரம்புத் தேய்வு கால்களில் தொடங்கி இரு பக்கமும் காலுறை போட்டதுபோல் பரவும். தொழுநோயை நம் ஊரில் மறந்துவிடக் கூடாது. உணர்ச்சியில்லாத தேமல், முழங்கையில் தடித்துத் தட்டுப்படும் நரம்பு இவை இருந்தால் வழியே வேறு. மணிக்கட்டுக்குச் சற்று மேலே நடுநரம்பையும் அந்தக் கிருமி தாக்கும்.

இந்த இடத்தில் 'நரம்பு ஊசி' பற்றி ஒரு வார்த்தை. கை மரத்தது என்றதும் சிவப்பு நிற வைட்டமின் ஊசியை ஐந்து நாள் போட்டுக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. பி12 உண்மையிலேயே குறைந்திருந்தால், குறிப்பாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு, அந்த ஊசிக்கு வேலை இருக்கிறது. இறுகிய நார்ப்பட்டையை அது தளர்த்தாது. வலி மாத்திரையும் வெறும் மாத்திரையைவிட மேலாக இந்த நோயில் உதவியதாக ஆய்வுகள் காட்டவில்லை. சுளுக்கு வழிப்பவரிடம் போய் மணிக்கட்டை அழுத்தி உருவிவிடுவது, நசுங்கிய நரம்பை இன்னொரு முறை நசுக்குவதாகவே முடியலாம்.

சோதனைகள் எளியவை. இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டுகளை ஒரு நிமிடம் மடக்கி வைப்பது ஃபாலன் சோதனை. அதற்குள் விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கும். மணிக்கட்டின் மேல் விரலால் தட்டும்போது விரல் நுனிக்கு மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் அது டினல் குறி. இரண்டும் நூறு சதம் நம்பத் தக்கவை அல்ல, நோயாளி சொல்லும் கதையே பெரிய சான்று. உறுதிப்படுத்த நரம்புக் கடத்தல் சோதனை உண்டு. மணிக்கட்டுக்கு மேலே சிறு மின்துடிப்புக் கொடுத்து அது விரலை அடைய எடுக்கும் நேரத்தை அளப்பார்கள். நல்ல நரம்பில் செய்தி நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் ஓடும். முன்கையில் அந்த வேகமும் குகையைக் கடக்கும் சில சென்டிமீட்டரில் மட்டும் தாமதமும் இருந்தால் நசுங்கும் இடம் அகப்பட்டுவிட்டது. அல்ட்ராசவுண்டில் பார்த்தால் குகைவாசலில் நரம்பு வீங்கித் தெரியும்.

சிகிச்சையின் முதல் படி மலிவானது. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை ஆறு வாரமாவது கட்டிக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் 'ரிஸ்ட் பெல்ட்' என்று கேட்டால் கிடைக்கும், ஆனால் வாங்கும்போது உள்ளே இருக்கும் உலோகத் தகட்டைப் பார்க்க வேண்டும். பல பட்டைகளில் அது இருபது, முப்பது பாகை பின்னால் வளைந்திருக்கும், எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் செய்யப்பட்டவை அவை. இந்த நோய்க்குத் தகட்டை உருவி நேராக்கிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் இரவு முழுக்க அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு படுப்பதாகும். மீள்தன்மையுள்ள துணிப்பட்டையைச் சுற்றி இறுக்குவதில் பயனில்லை, அது மணிக்கட்டை நிறுத்தாமல் நெருக்க மட்டும் செய்யும். பட்டை கட்டும் நாட்களில் பகல் வேலையிலும் சிறு மாற்றங்கள் வேண்டும். பிசையும்போது மணிக்கட்டு அவ்வளவு வளையாதபடி மேசையின் உயரத்தை மாற்றலாம். கருவியின் மெல்லிய கைப்பிடிக்குத் துணி சுற்றித் தடிப்பாக்கலாம், கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கலாம், அரைமணிக்கு ஒருமுறை பிடியை விட்டு விரல்களை விரிக்கலாம். கூலிக் கணக்கில் வேலை செய்பவருக்கு இதில் பாதிதான் நடக்கும் என்பதும் உண்மை.

இரண்டாவது படி குகைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. 2018-இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில் ஆறு வாரத்தில் பட்டையைவிட ஊசி நன்றாக வேலை செய்தது, ஆறு மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் அளவு ஏறும், அதைச் சொல்லிப் போட வேண்டும். திரும்பத் திரும்ப ஊசியிலேயே காலம் தள்ளுவது, சதைமேடு வற்றத் தொடங்கியவருக்கு, நாளை வீணாக்குவதாகும்.

மூன்றாவது அறுவை, கூரையை நீளவாக்கில் வெட்டி விடுவது. அந்த யோசனைக்கு நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. மணிக்கட்டு முறிவுக்குப்பின் நடுநரம்பு நசுங்கியதை லண்டனின் ஜேம்ஸ் பேஜட் 1850-களில் விவரித்தார். 1880-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் பட்னம் இரவில் கை மரக்கும் முப்பத்தேழு பேரைப் பற்றி எழுதினார், ஆனால் காரணம் இரத்தக்குழாயில் இருப்பதாக நினைத்தார். 1913-இல் பாரிசில் பியர் மாரியும் சார்ல் ஃபுவாவும் இறந்த ஒருவரின் கையைத் திறந்து, நரம்பு நார்ப்பட்டைக்கு மேலே வீங்கியும் அடியில் ஒடுங்கியும் இருந்ததைக் கண்டார்கள், முதலிலேயே நார்ப்பட்டையை வெட்டியிருந்தால் தடுத்திருக்கலாம் என்று எழுதினார்கள். அது வழக்கமான அறுவையாக, 1950-களில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஃபாலன் நூற்றுக்கணக்கான கைகளைக் காட்டி எழுதும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் கை அறுவை வளர்ந்ததற்கும் இதே நரம்பு ஒரு காரணம். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் நடுநரம்பும் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பும் செத்து மடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்றும் அறுவைகளை உருவாக்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். ஆரப்பாளையத்துக்காரர் இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆற்றுக்கு அப்பால் கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனை, தத்தனேரியில் தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனை.

அறுவைக்குக் கையை மட்டும் மரக்கச் செய்தால் போதும், கால்மணி நேரத்தில் முடியும், அன்றே வீடு திரும்பலாம். 2002-இல் வெளியான டச்சு ஆய்வொன்றில் ஒன்றரை ஆண்டு முடிவில் அறுவை செய்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும், பட்டையில் தொடங்கியவர்களில் எழுபத்தைந்து பேருக்கும் நலம் கிட்டியது. பட்டை பிரிவினரில் கணிசமானோர் இடையில் அறுவைக்கு மாறியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விரல்களை அன்று மாலையே அசைக்கத் தொடங்கலாம். எழுத்து வேலைக்கு ஓரிரு வாரம், மாவு பிசைவதற்கும் பேருந்து ஓட்டுவதற்கும் ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. உள்ளங்கை அடியில் சில வாரம் நோவும் பிடியில் தளர்ச்சியும் இருக்கும், மூன்று மாதத்தில் பிடி திரும்பும்.

குணமாவதில் ஒரு வரிசை உண்டு. இரவு வலி பலருக்கு முதல் இரவிலேயே நின்றுவிடும், அழுத்தம் நீங்கியதும் நீங்கும் தொல்லை அது. மையலின் உறை மீள வாரங்களோ மாதங்களோ ஆகும். இழைகள் அறுந்திருந்தால் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து போக வேண்டும், மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனிக்கு அரை ஆண்டு ஆகலாம். நெடுநாள் வற்றிய கட்டைவிரல் சதைமேடு பலருக்கு நிரம்புவதே இல்லை. அப்போது வேறொரு விரலின் தசைநாணைத் திருப்பிக் கட்டைவிரலில் இணைத்து எதிரசைவை மீட்கிறார்கள், வேலூரில் தொழுநோய்க் கைகளுக்குச் செய்ததைப் போலவே.